பொறுத்தல்: துன்பத்தில் இருப்பவருக்கு ஓர் ஆறு வாரப் பழக்கம்

கத்தோலிக்க வீடுகளில் சொல்லும் செபத்தில் "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று வரும். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை வாசிக்கும் சபைகளில் அதே வரி "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று ஒலிக்கும். ஒன்றில் பொறுத்தல், மற்றொன்றில் கடன். இந்த வழிகாட்டிக்கு இந்த இரண்டு சொற்களும் போதும். வலியைத் தாங்குவதையும் பொறுத்தல் என்கிறோம், தீங்கு செய்தவரை விட்டுவிடுவதையும் பொறுத்தல் என்கிறோம். இரண்டையும் ஒரே பழக்கமாகத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களையும், பல வருடம் ஆலயத்துக்குப் போயும் இந்த ஒரு விஷயத்தில் தட்டுத்தடுமாறுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மன்னிக்க மனமிருந்தும் தோற்றுப்போகிறவர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் வரிசை மாறிப்போவது. அடிபட்ட மறுநாளே "மன்னித்துவிடு" என்று போதகரோ அத்தையோ சொல்ல, அவரும் வாயால் சொல்லிவிட, மூன்று மாதம் கழித்து நடு இரவில் எல்லாம் திரும்பி வரும். அப்போது "எனக்கு விசுவாசமே இல்லை போலிருக்கிறது" என்று தன்னையே குற்றப்படுத்திக்கொள்வார். வேதம் காட்டும் வரிசை வேறு. முதலில் அழுகை, பிறகு கணக்கு, அதன்பின் விடுதலை, அதற்கும் பிறகுதான் பேச்சுவார்த்தை.

தொடங்கும் முன்

தீங்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். கணவர் இன்றும் அடிக்கிறார், உறவினர் ஒருவர் பிள்ளையிடம் தகாத விதமாக நடக்கிறார் என்றால் இந்த ஆறு வாரத்தைத் தள்ளிவையுங்கள். முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவது. இந்தியாவில் அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. "சிலுவையைச் சுமக்கத்தானே வேண்டும்" என்று யாராவது தடுத்தால் தாவீதைக் காட்டுங்கள். தன்மேல் ஈட்டி எறிந்து, கொல்லத் துரத்திய ராஜா சவுலைக் கொல்ல இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தும் தாவீது கை நீட்டவில்லை. சவுல், "நான் பாவஞ்செய்தேன்; என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று கூப்பிட்டபோதும் அவன் அரண்மனைக்குத் திரும்பவில்லை. அவன் தன் வழியே போனான் என்று 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரம் முடிகிறது. பழிவாங்காமல் இருக்கலாம், ஈட்டி எறிகிற தூரத்துக்கு வெளியேயும் இருக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடும்போது அப்படிச் சொல்வதில்லை. ஜெபமும் மாத்திரையும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

தேவையானவை மூன்று. கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று. தினமும் 20 நிமிடம், கூடியவரை காலையில். படுக்கப்போகும் நேரம் வேண்டாம், ஏனென்றால் கிளறிவிட்ட நினைவு தூங்க விடாது. மூன்றாவதாக, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நீங்கள் சொல்வதைக் கேட்க ஒருவர். அவர் உங்களுக்குத் தீங்கு செய்தவரின் உறவாக இருக்கக் கூடாது, கேட்டதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பத்துப் பேரிடம் பரப்பாதவராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது தகுதியை ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிச் சோதித்துவிட்டுப் பெரிய விஷயத்துக்குப் போங்கள்.

முதல் இரண்டு வாரம்: புலம்பல்

சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருவிவிலியத்தில் திருப்பாடல் 13. ஆறே வசனம். அதன் அமைப்பைக் கவனியுங்கள். முதல் இரண்டு வசனம் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அந்த "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்."

இதே அச்சில் தினமும் உங்கள் சொந்தச் சங்கீதத்தை எழுதுங்கள். ஐந்து நிமிடம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பது, பத்து நிமிடம் எழுதுவது, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. முதல் வாரம் "எதுவரைக்கும்" வரிகளை மட்டும் எழுதினால் போதும். "எதுவரைக்கும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்?" "எதுவரைக்கும் அவர் ஊரில் நல்லவர் பெயரோடு நடமாடுவார்?" இப்படி. பொதுவாக "எனக்குக் கஷ்டம், ஆண்டவரே" என்று எழுதினால் பயன் குறைவு. இடம், நேரம், ஆள் எல்லாம் வரட்டும்.

நம்பிக்கை வரி வராவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். சங்கீதம் 88 ஆரம்பம் முதல் கடைசிவரை புலம்பல்தான், ஆறுதல் வரி ஒன்றுமில்லாமலே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் புலம்பல் வகை. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான். நம் ஆராதனைகளில் பாட்டெல்லாம் வெற்றிப் பாட்டாகவே இருப்பதால், தேவனிடம் குறைசொல்வது பாவம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவரிடம் சொல்லாததை அவர்கள் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அல்லது பிள்ளைகள்மேல் காட்டுகிறார்கள்.

கோபம் வெளியே வரும், வரட்டும். 109-ஆம் சங்கீதத்தை வாசித்தால் திடுக்கிடுவீர்கள், சாபமாகவே கொட்டியிருக்கும். ஆனால் கொட்டியவர் அதைத் தேவனுடைய காதில் கொட்டுகிறார், எதிரியின் வீட்டு வாசலில் போய்க் கத்தவில்லை. எபேசியர் 4:26 சொல்வதும் அதுதான்: "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்."

இந்தக் கட்டத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, எழுதியதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் யாருக்காவது அனுப்புவது. அதை அன்றே நிறுத்துங்கள். நோட்டு உங்களுக்கும் தேவனுக்கும் இடையில் இருக்கட்டும். இன்னொன்று, நான்கே நாளில் மனம் லேசானதும் "முடிந்தது" என்று விட்டுவிடுவது. அந்த லேசு அழுததால் வந்தது. கணக்கு இன்னும் தீரவில்லை.

யாரும் குற்றவாளி இல்லாத துன்பம்

புற்றுநோய், பிள்ளையின் மரணம், விபத்து, தீராத முதுகுவலி. இங்கே மன்னிக்க ஆளில்லை என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் நின்று பேசியவர்கள் இருப்பார்கள். துக்க வீட்டில் "ஏதோ பாவம் இருந்திருக்கும்" என்றவர், "விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பான்" என்றவர். யோபு புத்தகத்தில் 42 அதிகாரம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நண்பர்களோடு நடந்த வழக்குதான். அந்த மூன்று பேர் முதல் ஏழு நாள் இரவும் பகலும் யோபுவோடு தரையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்ததும் கெட்டது. கடைசியில் தேவன் அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார், அத்தனை கேள்வி கேட்ட யோபுவை நிதானமாய்ப் பேசினவன் என்கிறார். பிறகு வருவதைக் கவனியுங்கள்: யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார். பொறுமைக்குப் பெயர்போன மனிதரின் கதை மன்னிப்பில் வந்து முடிகிறது.

நோய்க்குக் காரணம் தேடி உங்களை நீங்களே குடைந்துகொண்டிருந்தால் யோவான் 9:3-ஐ நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதற்கு, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்பது இயேசுவின் பதில்.

நீண்ட நோயில் பொறுமையை மொத்தமாகக் கேட்காதீர்கள், தவணையாகக் கேளுங்கள். யாக்கோபு 5:7 ஒரு விவசாயியைக் காட்டுகிறது: முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான். பலஸ்தீன நாட்டில் முன்மாரி ஐப்பசி கார்த்திகை வாக்கில் பெய்யும், பின்மாரி பங்குனி சித்திரையில். நடுவே ஐந்தாறு மாதம். அந்த ஐந்தாறு மாதமும் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டான்; களை எடுப்பான், வேலி கட்டுவான். மழையை வரவழைப்பது மட்டும் அவன் வேலை இல்லை. நோயாளிக்கும் அப்படித்தான். காலையில் "இன்று மதியச் சாப்பாடுவரை தாங்க பெலன் தாரும்" என்று ஜெபியுங்கள். மதியம் "இரவு மாத்திரைவரை". இரவில் வலி எழுப்பினால் "விடியும்வரை". கூடவே, அன்றைக்கு உங்களால் முடிந்த ஒரு சிறு வேலையைக் குறித்துக்கொண்டு அதைச் செய்துவிடுங்கள்: ஒரு போன் விசாரிப்பு, கீரை ஆய்வது, ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அநாதைக் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்தார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தது. அந்த இருபது வருடத்தில் அந்தக் கட்டிலிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார்.

குணமாக ஜெபிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. நீங்காத முள்ளை வைத்து யாரும் பவுலின் விசுவாசத்தை அளப்பதில்லை. உங்களுடையதையும் அளக்க விடாதீர்கள்.

மூன்றாம் வாரம்: கணக்கு

தீங்கு செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால், இது எல்லாவற்றிலும் முக்கியமான வாரம். பலரும் தாண்டிக் குதிக்கிற வாரமும் இதுதான்.

நோட்டின் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். தலைப்பு: நடந்தது, நான் இழந்தது, எனக்கு வரவேண்டியது. ஒரு நாளைக்கு ஒரு வரி, கூடினால் இரண்டு. உதாரணமாக ஒரு தங்கையின் பக்கம் இப்படி இருக்கலாம்.

நடந்தது: அண்ணன் அவசரத்துக்கு அடகு வைக்க எட்டுப் பவுன் நகை வாங்கிப் போனார், மீட்டுத் தரவில்லை. இழந்தது: நகை, மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்க நேர்ந்தது, அண்ணன் இருக்கிறார் என்ற தைரியம். வரவேண்டியது: நகை அல்லது அதன் விலை, "தப்புப் பண்ணிட்டேன்" என்ற ஒரு வார்த்தை, நான் பட்டதை அவரும் பட வேண்டும்.

அடுத்த வரி. நடந்தது: அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. இழந்தது: சொந்தபந்தத்தின் முன் மரியாதை. வரவேண்டியது: எல்லார் முன்னிலும் அவர் வந்து கூப்பிட வேண்டும்.

எட்டுப் பவுனைவிட விடுபட்ட பெயர் அதிகமாக எரிவது வழக்கம். அதை அற்பம் என்று ஒதுக்காமல் எழுதிவிடுங்கள். "நான் பட்டதை அவரும் பட வேண்டும்" என்பதையும் எழுதுங்கள்; மனதில் இருந்தால் தாளிலும் இருக்க வேண்டும். எழுதாத கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. "பரவாயில்லை, பெரிசா ஒண்ணும் நடக்கலை" என்பது மன்னிப்பு ஆகாது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் மன்னிக்க என்ன இருக்கிறது?

ஒரே ஓர் எச்சரிக்கை. நடந்ததை மட்டும் எழுதுங்கள், அவர் எண்ணத்தை ஊகித்து எழுதாதீர்கள். "வேண்டுமென்றே அவமானப்படுத்தினார்" என்பது ஊகம். "பெயர் இல்லை" என்பது நடந்தது. இதே பக்கத்தின் பின்புறத்தில், அந்த விவகாரத்தில் உங்கள் பங்கு ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். சிறு பிள்ளையாக இருந்தபோது உங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்றால் பின்புறம் வெறுமையாகவே இருக்கட்டும். அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை.

நான்காம் வாரம்: சீட்டைக் கிழிப்பது

மத்தேயு 18:21 முதல் 35 வரை வாசியுங்கள். எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று பேதுரு கேட்கிறார். ஏழெழுபதுதரமட்டும் என்று பதில் சொல்லிவிட்டு இயேசு ஒரு கணக்கைச் சொல்கிறார். ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். அதே வேலைக்காரனுக்கு உடன்வேலைக்காரன் நூறு வெள்ளிப்பணம் கடன். ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. இன்றைக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறு வெள்ளிப்பணம் 60,000 ரூபாய். பதினாயிரம் தாலந்து 3,600 கோடி ரூபாய்.

பிரசங்கங்களில் 3,600 கோடியைத்தான் பேசுவார்கள். அந்த அறுபதாயிரத்தைப் பாருங்கள். கூலிக்காரனுக்கு அது நான்கு மாதச் சம்பளம்; வயிற்றில் அடிக்கிற தொகை. உங்களுக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜக் கடன்தான் என்று ஒப்புக்கொண்டுதான், உனக்குத் தள்ளுபடியான பெரிய கடனை நினைத்துப் பார் என்கிறார். கிறிஸ்தவ மன்னிப்புக்கு மூலதனம் எங்கிருந்து வருகிறது என்றால் இங்கிருந்துதான். நல்ல மனசிலிருந்து எடுத்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். கொலோசெயர் 2:14-ல் நமக்கு விரோதமாயிருந்த "கையெழுத்தை" கிறிஸ்து குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று வருகிறதே, அந்த இடத்தில் மூலமொழியில் உள்ள சொல் கடன்பட்டவன் தன் கையால் எழுதிக்கொடுக்கும் சீட்டைக் குறிப்பது. நம் ஊர்ப் புரோநோட்டு.

இப்போது உங்கள் பக்கத்தின் மூன்றாம் பத்திக்கு வாருங்கள். அதிலுள்ளதை இரண்டாகப் பிரியுங்கள். சட்டமோ பெரியவர்களோ வாங்கித்தரக்கூடியவை ஒரு பக்கம்: நகை, நிலத்தின் பங்கு, ஜீவனாம்சம், குற்றத்துக்கான தண்டனை. அவற்றை வேறொரு தாளில் எடுத்தெழுதுங்கள். அந்தத் தாளைப் பிறகு பார்ப்போம். மீதியை, அதாவது அவர் பட வேண்டும், குனிய வேண்டும், ஊர் முன் சிறுமைப்பட வேண்டும் என்பவற்றை, வேறு யாரும் வசூலித்துத் தர முடியாது. அந்தப் பத்தியைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். முதல் இரண்டு பத்தியும் நோட்டிலேயே இருக்கட்டும். நடந்தது நடந்ததுதான், இழந்தது இழந்ததுதான். போவது வசூல் உரிமை மட்டும்.

வெட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, இவர் எனக்கு இதைச் செய்தார். இது தவறு. இதற்காக இவரிடம் நான் வசூலிக்க நினைத்ததை உம்முடைய கையில் விட்டுவிடுகிறேன். பழிவாங்குதல் எனக்குரியது என்று சொன்னவர் நீர்." பிறகு கிழித்துவிடுங்கள். தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சில சபைகளில் பெரிய வெள்ளியன்று இப்படிப்பட்ட சீட்டுகளைச் சிலுவையில் ஆணியால் அடிப்பதுண்டு. கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போவதற்கு இது நல்ல வாரம். அங்கே அண்ணன் செய்ததைச் சொல்லி நேரம் கழிக்காமல், உங்கள் மனதில் வளர்த்த பகையைச் சொல்லுங்கள்.

மறுநாளே கோபம் திரும்பி வரலாம். கிழித்தது பொய்யா என்று குழம்புவீர்கள். கிறிஸ்தவ உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் இதை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்: முடிவால் மன்னிப்பது ஒன்று, உணர்வால் மன்னிப்பது இன்னொன்று. முடிவு ஒரு நாளில் நடக்கும். உணர்வு பின்னால் மெதுவாக வரும், சிலருக்கு வருடக்கணக்கில். நினைவு திரும்பும் ஒவ்வொரு முறையும் நோட்டைத் திறந்து அந்தத் தேதியைப் பாருங்கள், "அன்றைக்கே விட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள், கையில் இருந்த வேலைக்குத் திரும்புங்கள். அதற்கு முப்பது விநாடி போதும். ஏழெழுபது தரம் என்பது, ஒரே தப்பை அத்தனை முறை மன்னிப்பதற்கும் பொருந்தும்.

ஐந்தாம் வாரம்: அவருக்காக இரண்டு வரி

"உங்களை நிந்திக்கிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள்" என்கிறது லூக்கா 6:28. தினமும் இரண்டே வரி, அதற்குமேல் வேண்டாம். முதல் வரியில் அவருக்கு நிஜமாகத் தேவைப்படும் ஒன்று: சர்க்கரை குறைய, மகனுக்கு வேலை கிடைக்க. இரண்டாவது வரியில் அவர் செய்தது தவறு என்று அவர் காண. "அவரைத் திருத்தும், நொறுக்கும்" என்று மட்டுமே ஜெபித்தால் அது வெட்டியெடுத்த பத்தியை ஒட்டவைப்பதுதான். பெயர் சொல்லவே வாய் வராத நாளில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற லூக்கா 23:34-ஐ அப்படியே சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனையில் தியானிக்கும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தை அது. நம்மால் மன்னிக்க முடியாத அன்று, அவரை மன்னிக்கும்படி பிதாவிடம் கேட்கலாம்.

எடுத்தெழுதிய அந்த வேறு தாள்

மன்னிப்பும் நீதியும் மோதுவதில்லை. ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் 1999 ஜனவரி 22 இரவு, வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய பத்து வயது, ஆறு வயது மகன்கள் இருவரையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் பணிசெய்த பாரிபாதா நகரத்திலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை, வழக்கு நடந்ததால் மன்னிப்பும் பொய்யாகவில்லை. இலங்கையிலும் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மட்டக்களப்பு சீயோன் ஆலயம் உட்பட மூன்று ஆலயங்களில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இழந்த நிலையில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்ன கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித்தே உண்மை வெளிவர வேண்டும் என்றும் விடாமல் கேட்டுவருகிறார்.

இயேசுவைச் சேவகன் அறைந்தபோது அவர் திருப்பி அறையவில்லை. ஆனால் "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். கேட்பது பொறுமைக்கு விரோதமில்லை.

ஆகவே பாகப்பிரிவினைத் தகராறில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னித்துவிட்ட நெகிழ்ச்சியில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உறவுக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் பத்திரத்தோடு வருவார்கள். பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் ஆறு மாதம் கழித்து, வக்கீலிடம் காட்டி, தெளிந்த மனதோடு செய்யுங்கள். தெரிந்தே கொடுப்பது தானம். அழுகையில் பிடுங்கப்படுவது அடுத்த கசப்புக்கு வித்து.

ஆறாம் வாரம்: பேச்சு

இது எல்லாருக்கும் உரிய படி இல்லை. அவர் இறந்திருக்கலாம், ஆபத்தானவராக இருக்கலாம், பேசவே மறுக்கலாம். எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று சொல்லும் ரோமர் 12:18-ல் இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: "கூடுமானால்", "உங்களாலானமட்டும்". ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், மன்னிப்புக்கு ஒருவர் போதும்.

யோசேப்பைக் கவனியுங்கள். சொந்தச் சகோதரர்களே அவனை விற்றபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு வருடச் செழிப்பும் இரண்டு வருடப் பஞ்சமும் போனபின் சகோதரர்களிடம் தன்னை வெளிப்படுத்துகிறான். வயது 39 இருக்கும். ஆக 22 வருடம். முதல்முறை அவர்கள் தானியம் வாங்க வந்தபோதே கட்டிப்பிடிக்கவில்லை. தனியே போய் அழுதான், முகம் கழுவித் திரும்பினான், அவர்களைச் சோதித்தான். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நானே அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் "நான் யோசேப்பு" என்றான். அன்றைக்கு யோசேப்பை விற்கச் சொன்னவன் அதே யூதா.

உங்களுக்கும் அதுதான் அளவுகோல். "நீ அப்படி நினைச்சிருந்தா சாரி" என்பது வருத்தம் ஆகாது. செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறாரா, சரிசெய்ய ஏதாவது செய்கிறாரா, மறுபடி அதே சந்தர்ப்பம் வந்தால் வேறுவிதமாக நடக்கிறாரா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் நெருங்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் மரியாதையான தூரம் போதும்.

பேசப் போவதாக இருந்தால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் தனியாகப் போங்கள். பண்டிகை, சாவு வீடு, கல்யாண மண்டபம் வேண்டாம். இருபது நிமிடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை எடுத்துப் போகாதீர்கள், முதல் பத்தியிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் மனப்பாடமாகக் கொண்டுபோங்கள். "அண்ணே, நகையைத் திருப்பித் தராததில் நான் ரொம்ப நொந்துபோனேன். அந்தக் கோபத்தை விட்டுட்டேன். நகை விஷயத்தை எப்படித் தீர்க்கலாம்னு பேசத்தான் வந்தேன்." பிறகு அவர் பேசட்டும். உங்கள் பக்கத் தவறு பின்புறத்தில் எழுதியிருந்தால் அதை நிபந்தனையில்லாமல் சொல்லிவிடுங்கள். குரல் உயர்ந்தால் "இன்னொரு நாள் பேசலாம்" என்று எழுந்துவிடுங்கள். இரண்டாம்முறை இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை அழைத்துப் போகலாம். பவுல் பிலேமோனுக்கு எழுதிய 25 வசனக் கடிதத்தை அந்தப் பெரியவர் முன்னதாக வாசித்துவிட்டு வந்தால் நல்லது. பிலேமோனின் அடிமையாகிய ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று அதில் பவுல் எழுதுகிறார். நடுவராக வருகிறவர் அந்த அளவுக்கு இறங்கி வருபவராக இருக்க வேண்டும்.

ஆறு வாரம் முடிந்த பிறகும் நோட்டை எறியாதீர்கள். லெந்து காலம் அல்லது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்கிழமை ஒவ்வொரு வருடமும் அதை எடுத்துப் பாருங்கள். புதிய வரி எதுவும் சேர்ந்திருந்தால் மூன்றாம் வாரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நடுவில் ஒருநாள் அந்த வீட்டிலிருந்து அடுத்த கல்யாணப் பத்திரிகை வரும். இந்த முறையும் உங்கள் பெயர் இல்லாமல் இருக்கலாம். போவதா வேண்டாமா என்று அன்றே முடிவெடுக்காமல் இரண்டு நாள் பொறுங்கள், சங்கீதம் 13-ஐ வாசியுங்கள், வாரந்தோறும் நீங்கள் சொல்வதைக் கேட்கிறவருக்கு ஒரு போன் போடுங்கள். போவதாக இருந்தால் கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். மொய் எழுதுங்கள், பிள்ளைகளை வாழ்த்துங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அண்ணன் எதிரே வந்தால் "நல்லா இருக்கீங்களா அண்ணே" என்று கேளுங்கள், பதிலைக் கேட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புங்கள்.